ஒரே ஆளை மூன்று தரம் எண்ணாமல் அறிக்கை எழுத

மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு ஒரு நிறுவனம் கோழிக்கூடும் குஞ்சுகளும் கொடுக்கிறது. கணவன் பெயரில் இன்னொரு நிறுவனம் மலசலகூடம் கட்டிக் கொடுக்கிறது. கூட இருக்கிற மாமியாருக்கு மாதாந்த உதவிப்பணம் வருகிறது. மகன் சிறுவர் கழகத்தில் இருக்கிறான். காலாண்டு முடிவில் நாலு அறிக்கை, நாலு பயனாளி. அதுவரை பிழையில்லை. ஆனால் பிரதேச செயலக ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்காக யாரோ நாலையும் கூட்டும்போது "குடும்பங்கள்" என்ற நிரலிலும் 4 விழுகிறது. இருப்பது ஒரு குடும்பம். திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளையும் இப்படிக் கூட்டினால் வரும் தொகையை வைத்து யாரும் எதையும் திட்டமிட முடியாது.

ஆகவே அறிக்கைப் படிவத்தில் மூன்று எண்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: எத்தனை சேவை வழங்கப்பட்டது, எத்தனை ஆட்கள் பெற்றார்கள், எத்தனை குடும்பங்கள். ஒரு பெண் மூன்று தரம் உளவளத்துணைக்கு வந்தால் சேவை 3, ஆள் 1. அநேகமான படிவங்களில் "பயனாளிகள்" என்று ஒரே ஒரு நிரல்தான் இருக்கிறது. ஒருவர் அதில் வருகையைப் போடுகிறார், மற்றவர் ஆளைப் போடுகிறார்.

ஒருவர் பல நிறுவனங்களிடம் போவதைக் கண்டுபிடிக்கப் பெயரை நம்பக் கூடாது. கிண்ணியா லிஸ்ட் ஒன்றில் முகம்மது, முகமது, மொஹமட் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், மூன்று ஆட்களாகவும் இருக்கலாம். தமிழ்ப் பெண்களுக்கு ஒரு பட்டியலில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, மற்றதில் கணவனுடையது. முகவரியும் கைகொடுக்காது. சம்பூர் ஆட்கள் 2006 இல் இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல் என்று வருடக்கணக்காக இருந்து, 2015 இலிருந்துதான் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். எந்த நிறுவனம் எந்தக் காலத்தில் பதிந்ததோ, அந்தக் கால முகவரிதான் அதன் கோப்பில் கிடக்கும். தொலைபேசி இலக்கம் ஒரு வீட்டுக்கே ஒன்று, அதுவும் அடிக்கடி மாறும்.

மிஞ்சுவது தேசிய அடையாள அட்டை இலக்கம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 இலிருந்து வரும் அட்டைகளில் 12 இலக்கம். பழைய அட்டை தொலைந்து புதிது எடுத்தவருக்கு அதே இலக்கம் 12 ஆக நீண்டு வரும். ஒரு நிறுவனம் பழையதையும் மற்றது புதியதையும் பதிந்திருந்தால் கணினிக்கு அவர் இரண்டு பேர். ஆகவே ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் 12 ஆக்குங்கள்: முன்னால் 19 சேர்க்கவும், பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு 0 போடவும், மிச்ச நாலையும் அப்படியே எழுதவும், கடைசி எழுத்தை விடவும். 754001234 வீ என்பது 197540001234 ஆகும். (இப்படி ஒரு ஆள் இருக்க மாட்டார், காரணம் கீழே.)

மூன்றாம் இலக்கத்திலிருந்து ஐந்தாவது வரை, புதியதில் ஐந்திலிருந்து ஏழு வரை, பிறந்த நாள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற வரிசை எண் (ஜனவரி 1 என்றால் 001). ஆணுக்கு 001 முதல் 366, பெண்ணுக்கு 500 கூட்டி 501 முதல் 866. இடையில் 400 என்று வந்தால் தட்டச்சுப் பிழை. "பெண்" என்று எழுதிய வரியில் 212 வந்தாலும் பிழை. அநேகமாகக் கணவனின் அட்டையைப் பார்த்து எழுதியிருப்பார்கள். இந்த ஒரு சோதனையிலேயே லிஸ்டின் குப்பை பாதி வெளியே வந்துவிடும். பிறந்த திகதியோடு ஒப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எல்லா வருடத்திலும் பெப்ரவரி 29 இருப்பதாகவே இந்த எண் கணிக்கப்படுகிறது. பெப்ரவரி 29 இல்லாத வருடங்களில் மார்ச் 1 இலிருந்து பிறந்தவர்களுக்கு ஒரு நாள் தள்ளி நிற்பது பிழையல்ல.

எக்செலில் அந்த நிரலை முதலே "டெக்ஸ்ட்" ஆக மாற்றிவிட்டுத்தான் இலக்கத்தை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் 12 இலக்கம் 1.98 என்று தொடங்கும் சுருக்க வடிவத்துக்குப் போகும். அந்த நிலையில் சீ.எஸ்.வீ. கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனதுதான், திரும்பி வராது. தொலைபேசி நிரலில் முதல் 0 காணாமல் போவதும் இதே காரணத்தால்.

பதினைந்து வயதுக்குக் கீழே அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழ் இலக்கத்தைப் பதிவுப் பிரிவோடு சேர்த்து எடுக்கலாம், கூடவே தாயின் அட்டை இலக்கம். பாடசாலை அனுமதி இலக்கத்தை நம்ப வேண்டாம், பிள்ளை பாடசாலை மாறினால் அதுவும் மாறும். குடும்பத்தை இணைக்கக் கிராம உத்தியோகத்தர் பிரிவு இலக்கமும் அவரிடம் உள்ள வீட்டுப் பட்டியல் இலக்கமும் போதும். அந்த உத்தியோகத்தர் மாறினாலும் பட்டியல் அங்கேயே இருக்கும். குடும்பத் தலைவரின் அட்டையை மட்டும் வைத்துப் பொருத்தப் போனால், மேலே சொன்ன வீட்டில் கோழிக்கூடும் மலசலகூடமும் ஒருநாளும் சந்திக்காது.

இனிக் கணக்கு. உதாரணத்துக்கு மூன்று நிறுவனங்கள்: முதலாவதில் 120 பேர், இரண்டாவதில் 90, மூன்றாவதில் 60. கூட்டினால் 270. ஒப்பிட்டுப் பார்க்கும்போது முதலாவதிலும் இரண்டாவதிலும் 30 பேர், முதலாவதிலும் மூன்றாவதிலும் 20, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 15. இவர்களுக்குள் 8 பேர் மூன்றிலும் இருக்கிறார்கள். 30, 20, 15 மூன்றும் சேர்ந்த 65 ஐ 270 இலிருந்து கழிக்கும்போது அந்த 8 பேரும் முழுதாகக் கழிந்துபோவார்கள், ஆகவே 8 ஐத் திரும்பக் கூட்ட வேண்டும்: 213 ஆட்கள். அந்த 8 ஐக் கூட்ட மறந்து 205 என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. 213 இல் ஒரே ஒரு நிறுவனத்திடம் வந்தவர்கள் 164, இரண்டிடம் 41, மூன்றிடமும் 8. என் பார்வையில் அறிக்கையில் பயனுள்ள வரி இந்தக் கடைசி வரிதான். அந்த 8 பேரில் பலருக்கு வருமானமின்மை, நோய், வன்முறை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். மூன்று உத்தியோகத்தர்கள் மூன்று நாள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், ஆனால் பொறுப்பெடுக்கும் ஆள் ஒருவருமில்லை.

ஆனால் கூட்டங்களில் இந்த லிஸ்ட் வெளியே வந்தவுடன் "டபிள் எடுக்கிற ஆக்கள்" என்ற பேச்சுத்தான் முதலில் எழும்பும். ஆகவே மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே பொருள், ஒரே காலம், இரண்டு நிறுவனம்: இது மட்டும்தான் இரட்டிப்பு. வெவ்வேறு தேவைக்கு வெவ்வேறு உதவி: இது நிரப்புதல். ஒரு நிறுவனம் மற்றதிடம் அனுப்பி வைத்தது: இது பரிந்துரை, நடக்க வேண்டியதே இதுதான். மகாவலி பெருகி வெருகல், மூதூர்ப் பக்கம் தண்ணீர் நிற்கும்போது ஒரே வீட்டுக்கு இரண்டு உலருணவுப் பொதி போவது நடக்கும். அது சனத்தின் களவல்ல, விநியோகத் திகதியை நிறுவனங்கள் முன்கூட்டிப் பகிராததன் பிழை. பெயர் வெட்டப்படும் என்று ஊருக்குள் கதை பரவினால் அடுத்த முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். உங்கள் கணக்கும் கெடும்.

எல்லாவற்றையும் பொது லிஸ்டில் போட முடியாது. குடும்ப வன்முறை, பாலியல் துஷ்பிரயோகம், மனநலம், பிள்ளைகள் சம்பந்தப்பட்ட கேஸ் எதுவும் பகிரும் கோப்பில் ஒரு வரியாகக்கூட வரக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலையும் பிள்ளைகளின் தகவலையும் விசேட வகையாகத்தான் வைத்திருக்கிறது. பெயரை அழித்துவிட்டு அட்டை இலக்கத்தை விட்டுவைப்பது பாதுகாப்பல்ல. பிறந்த திகதியும் பால்நிலையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒப்பிடும் வேலையை ஒரே ஒருவரிடம் கொடுத்து, அவர் எழுந்தமானமாகக் கொடுக்கும் குறியீட்டு எண்ணோடு மட்டும் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். ஒரு கிராமப் பிரிவில் தொகை 5 க்குக் குறைந்தால் எண்ணை எழுதாமல் "5 க்குக் குறைவு" என்று போடுங்கள். "கணவனால் தாக்கப்பட்டவர்: 1" என்று எழுதினால் அந்த ஊரில் அது யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

சம்மதப் படிவத்தில் "தகவல் பகிரப்படலாம்" என்ற ஒற்றை வரி போதாது. எந்த நிறுவனத்தோடு, என்ன தகவல், எதற்காக என்று வாயால் சொல்லி, மறுத்தாலும் சேவை நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். மறுத்தவர்களை ஒப்பீட்டில் சேர்க்காமல், அறிக்கையில் "ஒப்பிடப்படாதோர்" என்று தனி வரியாகக் காட்டுங்கள். அட்டை இலக்கம் இல்லாதவர்களும் அந்த வரியில்தான்.

கடைசியாக, மாத அறிக்கைகளைக் கூட்டிக் காலாண்டு அறிக்கை செய்ய முடியாது. ஜனவரியில் வந்தவர் மார்ச்சிலும் வந்திருப்பார். மூன்று மாதத்து வரிகளையும் ஒரே தாளில் போட்டு, திரும்பவும் முதலிலிருந்து ஒப்பிட வேண்டும். சேவை எண்ணிக்கையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டலாம்.