ஆணி, பட்டி, அட்வான்ஸ்

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்வது பெரிய காரியமில்லை. அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதுதான் காரியம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. என் கணவர் அந்தப் பக்கத்தை ப்ரிண்ட் எடுத்து வைத்திருந்தார். அதை ஹவுஸ் ஓனரிடம் காட்டும் தைரியம் மட்டும் ப்ரிண்டரில் வரவில்லை.

காரணம், நாங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். "பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படும். சுவர் சேதத்துக்குத் தனி." அந்தத் 'தனி' எவ்வளவு என்பது மாடியில் குடியிருக்கும் ஓனருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். ஆகவே நங்கநல்லூர் வீட்டைக் காலி செய்வதற்கு முன் சுவரையெல்லாம் நாங்களே சரி பண்ணிவிடுவது என்று முடிவாயிற்று.

ஆணி அடிக்கக் கூடாது என்றும் அதே ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் நகைக்கடைக் காலண்டர், மளிகைக்கடைக் காலண்டர், தினமும் கிழிக்கிற காலண்டர் எல்லாவற்றையும் கையிலேயே பிடித்துக்கொண்டா நிற்க முடியும்? அடித்தபோது ஆணி இருந்த அளவு வேறு, பிடுங்கியபோது விழுந்த ஓட்டையின் அளவு வேறு. காரை பெயர்ந்துகொண்டு வந்து, ஒவ்வொன்றும் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வாயைப் பிளந்தது.

கணவர் ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தாராம், பல் தேய்க்கிற பேஸ்ட்டை வைத்து அடைத்தால் ஓட்டை இருந்த இடமே தெரியாதாம். வெள்ளை பேஸ்ட்டாக இருக்க வேண்டும், ஜெல் கூடாது என்று நிபந்தனை வேறு. ராத்திரி அடைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. காலையில் காய்ந்து சுருங்கி, கன்னக்குழி மாதிரி உள்வாங்கியிருந்தது. போதாக்குறைக்கு எறும்பு. பற்பசையில் இனிப்பு சேர்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரிகிறதோ இல்லையோ, எறும்புக்குத் தெரிகிறது.

ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பல்லுக்குப் போடுறத செவுத்துக்குப் போட்டீங்கன்னா, செவுத்துக்குப் போடுறத பல்லுக்குப் போடுவீங்களா சார்?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, சுவர் ஓட்டையை அடைக்கிற பட்டிப் பவுடர் ஒரு கிலோவும், அதை அப்பத் தகடும், தேய்க்க உப்புத்தாளும் எடுத்துக் கொடுத்தார். கூடவே பாடமும் நடத்தினார். உதிர்கிற காரையை முதலில் சுரண்டிவிட வேண்டும். ஓட்டைக்குள் தண்ணீர் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியில் இருக்கும் ஈரத்தைச் சுவர் குடித்துவிடும், பட்டி பிடிக்காது. ஒரே அப்பாக அப்பாமல் இரண்டு தடவையாக வைக்க வேண்டும். காய்ந்த பிறகு தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் பெயின்ட். ஆள் வைத்துப் பண்ணலாமே என்று நான் கேட்டதற்கு, "நாலு ஓட்டைக்கெல்லாம் எந்தப் பெயின்டரும்மா வருவாரு?" என்றார். நியாயம்தான்.

ஓட்டைகள் அடைந்தன. மாமனார் சாய்ந்து பேப்பர் படிக்கும் இடத்தில் அவர் தலை வடிவிலேயே பதிந்திருந்த எண்ணெய்க் கறையும், பாத்திரம் கழுவுகிற திரவத்தால் துடைத்துத் துடைத்து ஒருவழியாக மங்கியது. மிச்சம் இருந்தது ஹாலில் ஒரு மஞ்சள் கை. பொங்கலன்று எங்கள் மகள் குழைத்து வைத்திருந்த மஞ்சளில் கையை முக்கி, ஹால் சுவரில் அச்சாக வைத்துவிட்டாள். "மகாலட்சுமியே கை வச்சிருக்கா, அழிக்காதே" என்று மாமியார் உத்தரவு போட்டதால் அது அப்படியே இருந்தது.

கணவர் துணி சோப்பைத் தண்ணீரில் கரைத்து, ஸ்பாஞ்சில் தொட்டு ஒரு தேய் தேய்த்தார். மஞ்சள் கை, சிவப்புக் கையாகிவிட்டது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே சமாச்சாரம். துணி சோப்பிலும் காரம் உண்டு. கையின் அடியிலிருந்து சிவப்பாக வழிந்து தரை வரைக்கும் வந்துவிட்டது.

சரியாக அந்த நேரத்தில்தான் புரோக்கர் வீடு காட்டுவதற்காக ஒரு தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுவரில் ரத்தச் சிவப்பில் ஒரு குழந்தைக் கை. அதன் பக்கத்தில் தகடும் கையுமாக வேர்த்து விறுவிறுத்து என் கணவர். அந்தப் பெண் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"மஞ்சள்தாங்க" என்றேன். சிவப்பாக இருப்பதைக் காட்டி மஞ்சள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? புளிப்புப் பட்டால் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும் என்று நிரூபிக்க, சமையலறைக்கு ஓடிப்போய் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து, இரண்டாக நறுக்கி, அந்தக் கை மேல் பிழிந்தேன். திரும்பியது. அவர்கள் கண் முன்னாலேயே சிவப்பு மறைந்து மஞ்சளானது. வேதியியல்படி வெற்றி. ஆனால் சிவப்புக் கை, வெட்டிய எலுமிச்சை, சுவர் முன்னால் தலைவிரி கோலமாக நான் என்று பார்த்தவர்களுக்கு அது வேதியியலாகத் தோன்றவில்லை போலிருக்கிறது. "அப்புறம் வர்றோம்" என்று போனவர்கள் இன்றுவரை வரவில்லை. எலுமிச்சையின் மேல் குங்குமம் இல்லாததை அவர்கள் கவனித்திருக்கலாம்.

பிறகு பிரைமர் அடித்துக் கையை மறைத்தோம். கலர் சேர்ப்பதில்தான் தகராறு. ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு துணுக்கு பெயின்ட்டைச் சுரண்டிக் கொண்டுபோனால் அதே நிறத்தைக் கலந்து தருகிறார்கள். ஆனால் போர்டுக்குப் பின்னால் இருந்த பெயின்ட் புதிதாகவே இருக்கிறது, வெளியே இருந்தது வெளுத்துவிட்டது. திட்டுத் திட்டாகத் தெரிந்ததால், முழுச் சுவரையும் மூலையிலிருந்து மூலை வரை அடித்தோம். அந்தச் சுவர் பளிச்சென்று ஆனதும் மற்ற மூன்றும் அழுக்காகத் தெரிந்தன. அதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஓனர் டார்ச்சோடு வந்தார். ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தார். கூடத்து வாசலுக்கு மேலே டார்ச் நின்றது.

"இங்க ஒரு ஆணி இருந்துச்சே, எங்கம்மா?"

"அடைச்சுட்டோம் சார்."

"அது எங்கப்பா படம் மாட்டுறதுக்கு நான் அடிச்சதும்மா. வர்றவங்களுக்கும் வேணும்ல?"

கணவர் ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்தார். காரை பெயர்ந்தது. "பரவால்ல விடுங்க தம்பி, எப்படியும் பெயின்ட் அடிக்கத்தான போறேன்" என்று ஓனர் பெருந்தன்மையோடு சொல்லி, ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்.

புது வீடு மடிப்பாக்கத்தில். "சுவர் புத்தம் புதுசு, ஆணி அடிச்சிடாதீங்க" என்றார் புது ஓனர். சாமான் இறக்கி முடித்த அன்று சாயங்காலம், ஹால் சுவரின் நடுவில் ஓர் இடத்தை நோக்கி எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கணவர் அந்த இடத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"நமக்கு முன்னாடி இருந்தவரு ஜெல் யூஸ் பண்ணியிருக்காரு."