பெயரில்லாக் கச்சேரிகளுக்குப் பெயரிடுதல்

கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகளைச் சேர்ப்பவர்களின் கணினியில் 'டிராக் 01', 'சைடு ஏ' என்ற பெயர்களோடு கிடக்கும் எம்பி3 கோப்புகளுக்குக் குறைவே இராது. ஒருவர் கேசட்டில் பதிந்ததை இன்னொருவர் கணினிக்கு மாற்றி, மூன்றாமவர் பென் டிரைவில் கொடுப்பதற்குள், உறையின் மேல் எழுதியிருந்த விவரம் உதிர்ந்துவிடுகிறது.

இதற்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு என்ற மென்பொருளைப் பலரும் பரிந்துரைப்பார்கள். ஒலியின் 'கைரேகை'யைக் கணித்து அக்கூஸ்ட்ஐடி தரவுத்தளத்தோடு அது ஒப்பிடும். விற்பனைக்கு வந்த ஆல்பங்களுக்கு நன்றாகவே உதவும். ஆனால் அது அடையாளம் காண்பது குறிப்பிட்ட ஒலிப்பதிவையே தவிர, பாடலை அன்று. ஒரே கிருதியை (கீர்த்தனையை) ஒரே பாடகர் இரண்டு சபாக்களில் பாடியிருந்தால் அதற்கு அவை வெவ்வேறு. ஆகவே வெளியாகாத கச்சேரிக்கு அங்கே விடை கிடைப்பது அரிது; கிடைத்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

பிறகு காதுதான் துணை. பல்லவியின் முதற்சொற்களைக் குறித்துக்கொண்டு நேராகச் சரணத்தின் கடைசி வரிகளுக்குத் தாவிவிடுவேன், ஏனெனில் பெரும்பாலும் முத்திரை, அதாவது பாடலை இயற்றியவர் தம் அடையாளமாக வைக்கும் சொல், அங்கேதான் வரும்: 'குருகுஹ' என்றால் முத்துசுவாமி தீட்சிதர், 'சியாமகிருஷ்ண' என்றால் சியாமா சாஸ்திரி, 'பத்மநாப' என்றால் அநேகமாக சுவாதித் திருநாள், 'ராமதாஸ' என்றால் பாபநாசம் சிவனாக இருக்கலாம், தியாகராஜரோ தம் பெயரையே சொல்லிவிடுவார். தீட்சிதர் பல கிருதிகளில் ராகத்தின் பெயரையும் பாடல் வரிகளுக்குள் பொதிந்து வைத்திருப்பது நமக்குச் செய்த தனி உபகாரம். வானொலிப் பதிவாக இருந்து, அறிவிப்பாளரின் குரலை யாரும் வெட்டாமல் விட்டிருந்தால் இத்தனை சிரமமும் தேவையில்லை.

பாடகர் யார் என்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். சுருதியை, அதாவது 'கட்டை' கணக்கில் சொல்லும் குரலின் அடிப்படை உயரத்தை, வைத்து முடிவு கட்டுவது ஆபத்து. டேப் ஆறு சதவீதம் வேகமாக ஓடினாலே, ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் ஒலிப்பார், குரலின் நிறமும் மாறிவிடும். கோப்புகளின் வரிசையைக் கண்டுபிடிப்பது எளிது. 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும் என்பதால், ஒரு கோப்பின் முடிவில் அறுபட்ட தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) எந்தக் கோப்பில் தொடர்கிறதோ அதுவே மறுபக்கம்.

விவரங்களை முதலில் எம்பி3 கோப்புக்குள்ளேயே இருக்கும் ஐடி3 குறிப்புகளில் எழுதிவிட்டு, அவற்றிலிருந்து எம்பி3டேக் என்ற மென்பொருள் வழியாகக் கோப்புப் பெயரை உருவாக்குவதே என் வழக்கம். பழைய ஐடி3 முதற்பதிப்பில் தலைப்புக்கு 30 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை, தமிழும் பாழாகும். யூனிகோடை ஏற்கும் இரண்டாம் பதிப்பையே பயன்படுத்த வேண்டும். உறுதியாகத் தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் 'பாடகர் தெரியவில்லை' என்றே எழுதுகிறேன். பழைய கோப்புப் பெயரையும் கருத்துப் பகுதியில் விட்டுவைக்கிறேன். அதே பதிவு வேறொரு ரசிகரிடமிருந்து 'சைடு ஏ' என்றே வந்து சேரும்போது, இரண்டும் ஒரே கேசட்டிலிருந்து கிளம்பியவையா என்று ஒப்பிட அது உதவும்.