சின்சில்லாவுக்குக் கூண்டு: தேர்வுக் குறிப்புகள்

மார்ச் 3, 2025

பெட்டியின் மேல் சின்சில்லா படம் போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். முயலுக்கும் வெள்ளெலிக்கும் செய்த கூண்டிலும் அதே படத்தை ஒட்டி விற்கிறார்கள். அளவுநாடாதான் பேச வேண்டும். இரண்டு சின்சில்லாவுக்கு அகலம் 90, ஆழம் 60, உயரம் 120 செ.மீ. இருந்தால் தாராளம். அரை கிலோ சொச்சம் எடையுள்ள, அணில்போல் கொறிக்கும் இந்தப் பிராணி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பாறைகளில் தாவிப் பழகிய இனம், அதனால் உயரம் வேண்டும்தான். ஆனால் குழாய் போல ஒடுங்கிய உயரம் உதவாது. ஓட இடம் இல்லாத கூண்டில் அது மேலும் கீழும் மட்டும் தாவும், விழும்போது நேராகத் தரைக்கே வரும்.

மார்ச் 5

கம்பிகளுக்கு இடையே 2.5 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. குட்டி போட வாய்ப்பு இருந்தால் 1.3 செ.மீ. பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் வரும் குட்டி, அன்றே ஓடத் தொடங்கிவிடும். அகன்ற இடைவெளியில் எளிதாக நழுவிப் போகும்.

கதவையும் பாருங்கள். முன்பக்கம் முழுக்கத் திறந்தால் நல்லது. சின்னக் கதவில் கையை விட்டுத் துரத்திப் பிடித்தால் பிராணி பயந்து ரோமத்தைக் கொத்தாக உதிர்த்துவிடும். அந்த இடம் மூடப் பல மாதம் ஆகும். ஓடுசக்கரமும் அதே கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். குறைந்தது 38 செ.மீ. விட்டம், உலோகம், இடைவெளி இல்லாத ஓடுதளம். சிறிய சக்கரத்தில் முதுகு வளையும்; கம்பிச் சக்கரத்தில் கால் மாட்டும்.

மார்ச் 9

கூண்டின் உண்மையான விலை தெரிவது தரையிலும் அடுக்குத் தட்டுகளிலும்தான். கம்பி வலைத் தரையில் நாள் முழுக்க நின்றால் பாதத்தில் புண் வரும். மெல்லிய கால் எலும்பு வலையில் சிக்கி முறிவதும் உண்டு. வலை இருந்தால் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் பலகையால் மூடுங்கள்.

பலரும் வாங்கும் இரண்டு அடுக்கு கிரிட்டர் நேஷன் கூண்டு ஏறக்குறைய 91 × 61 செ.மீ., கால்களோடு 160 செ.மீ. உயரம். கம்பி இடைவெளி 1.3 செ.மீ. சட்டம் உறுதியானது, கதவு அகலம். அதோடு வரும் தட்டுகள்தான் பிளாஸ்டிக். சின்சில்லாவின் பல் வாழ்நாள் முழுக்க வளரும், கிடைத்ததைக் கடிக்கும். விழுங்கிய பிளாஸ்டிக் குடலை அடைத்துவிடும். உலோகத் தட்டு மாற்றிப் போடுங்கள், அல்லது விளிம்பு வெளியே தெரியாமல் ஃபிளீஸ் துணியால் இறுக்கி மூடுங்கள். துணி நூல் பிரிந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

மார்ச் 10

தாவி ஏறி நிற்கும் பலகைகள்: சூளையில் உலர்த்திய பைன், 2 செ.மீ. கனம், 15 செ.மீ. அகலம். சாயம், வார்னிஷ் எதுவும் வேண்டாம். தேவதாரு (சீடர்) வகை மரங்களையும் ஒட்டுப்பலகையையும் தவிர்க்கவும். நீளப் பலகைக்கு இரண்டு போல்ட் போடுங்கள்; ஒன்றில் நின்றால் தாவி இறங்கும்போது திரும்பிவிடும். வாஷர் கம்பி இடைவெளியைவிடப் பெரியதாக இருந்தால்தான் பிடிக்கும். பலகைகளை ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக வைக்காமல் மாற்றி மாற்றி, 20 செ.மீ. அளவு உயர வித்தியாசத்தில் பொருத்துங்கள். தவறி விழுந்தாலும் அடுத்த பலகை தாங்கும்.

தண்ணீருக்குக் கண்ணாடிப் புட்டி, கம்பிக்கு வெளியே மாட்டலாம். தூள் குளியல் கிண்ணத்தை (ரோமத்தைச் சுத்தம் செய்ய அது புரளும் நுண்தூள்) வாரம் மூன்று முறை, 10–15 நிமிடம் வைத்தால் போதும். உள்ளேயே விட்டுவைத்தால் அதில் சிறுநீர் கழித்துவிடும், தூள் கண்ணையும் உறுத்தும்.

மார்ச் 14

கூண்டு வைக்கும் இடம். கூண்டைவிட இதுதான் உயிர்ப் பிரச்சினை. சின்சில்லாவுக்கு ஒரே மயிர்க்காலிலிருந்து 50க்கும் மேற்பட்ட ரோமம் முளைக்கும் அடர்த்தி, வியர்வையும் கிடையாது. 15–21 டிகிரி செல்சியஸ் சுகம், 25ஐத் தாண்டினால் ஆபத்து, காற்றில் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். மின்விசிறி நம்மைக் குளிர்விப்பது வியர்வையை உலர்த்தி. வியர்க்காத சின்சில்லாவுக்கு அது பெரிதாக உதவாது. சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறை என்றால் கூண்டு பற்றிய பேச்சையே விட்டுவிடலாம். மின்வெட்டுக்கும் ஏற்பாடு வேண்டும்.

வெயில் விழும் ஜன்னல், அடுப்படி, ஹீட்டர் அருகே வைக்காதீர்கள். சூடு மேலே ஏறும் என்பதால் வெப்பமானியை மேல் அடுக்கின் உயரத்தில் தொங்கவிடுங்கள். கீழே ஒரு கிரானைட் துண்டு போட்டால் அதன்மேல் படுத்துக்கொள்ளும். காது சிவந்து, எச்சில் வடிந்து, உடல் துவண்டு கிடந்தால் உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மார்ச் 16

பழைய கூண்டு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். துருவும் பூச்சு உரிந்த கம்பியும் இருந்தால் வேண்டாம். துத்தநாகப் பூச்சைக் கடித்து விழுங்கினால் விஷம். வெள்ளையாகப் படிந்த சிறுநீர்க் கறை வினிகரில் போகும். மரப் பலகைகளையும் மர வீட்டையும் மட்டும் தூக்கி எறிந்துவிடுங்கள். படர்தாமரைப் பூஞ்சை அவற்றில் ஒளிந்திருக்கும், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் முழுக்கப் போகாது.