கடல் அமிலமயமாதல் பாடத்தில் வினிகர் செய்யும் தொல்லை

கடல் அமிலமயமாதல் பாடம் என்றதும் பெரும்பாலான வகுப்புகளில் முதலில் மேசைக்கு வருவது ஒரு கிண்ணம் வினிகரும் ஒரு சிப்பி ஓடும்தான். ஓட்டைப் போட்டதும் நுரை கிளம்பும், பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள், மறுநாள் ஓடு மெலிந்திருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில வாரம் கழித்து அதே பிள்ளைகளைக் கேட்டால், "கடல் அமிலமாகிவிட்டது, சிப்பியெல்லாம் கரைகிறது" என்பார்கள். இரண்டுமே தவறு. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலில் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்; ஓர் அலகு குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகும். 5 சதவீத வினிகரின் பிஎச் ஏறக்குறைய 2.5. கடல் மேற்பரப்பு நீரின் இன்றைய சராசரி 8.1. நடுவே உள்ள 5.6 அலகு என்பது ஹைட்ரஜன் அயனிக் கணக்கில் சுமார் 4 லட்சம் மடங்கு. இந்த நூற்றாண்டுக்கான கணிப்புகள் எதிலும் திறந்த கடலின் மேற்பரப்பு 7-க்குக் கீழே இறங்குவதில்லை.

உண்மையில் நடந்திருப்பது, தொழிற்புரட்சி முதல் இன்றுவரை 8.2 ஏறக்குறைய 8.1 ஆனது. வளிமண்டலத்தில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளியிடுவதில் சுமார் கால்பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. 0.1 என்றால் "இவ்வளவுதானா?" என்று கேட்காத வகுப்பு இல்லை. அந்தக் கேள்வி வரும்வரை காத்திருப்பது நல்லது. வந்ததும் கணிப்பானைக் கையில் கொடுத்து 10-ஐ 0.1 என்ற அடுக்குக்கு உயர்த்தச் சொன்னால் 1.26 வரும்: ஹைட்ரஜன் அயனி 26 சதவீதம் கூடியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் 30 சதவீதம் என்று போட்டிருப்பதாக யாராவது சொல்வார்கள். 0.11 என்று போட்டுப் பார்க்கட்டும், 29 வரும். இரண்டாம் தசம இடம் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது.

இந்தப் பாடத்தின் சிக்கலே, கண்ணுக்குத் தெரியும்படி செய்வதெல்லாம் மிகைப்படுத்தலாக முடிவதுதான். அதனால் சோதனைக்கு முன்னால் கணக்கு வரவேண்டும் என்பது எங்கள் துணிபு. அதற்கு மணிகளே போதும். ஒரு தட்டில் 100 மணிகள்: 90 வெள்ளை, 9 சிவப்பு, 1 கறுப்பு. கடல்நீரில் கரைந்துள்ள கனிமக் கார்பன் ஏறக்குறைய இந்த விகிதத்தில்தான் இருக்கிறது. வெள்ளை பைகார்பனேட், சிவப்பு கார்பனேட், கறுப்பு கரைந்த கார்பன் டை ஆக்சைடு. புதிதாக ஒரு கறுப்பு மணி உள்ளே வருகிறது. அது நீருடன் சேர்ந்து ஹைட்ரஜன் அயனி ஒன்றை விடுவிக்கிறது, அந்த அயனி ஒரு கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, வந்த கறுப்பையும் தட்டில் இருந்த ஒரு சிவப்பையும் எடுத்துவிட்டு இரண்டு வெள்ளை வைக்கவேண்டும். நான்கைந்து முறை செய்தால் சிவப்பு பாதியாகிவிடும், வெள்ளையில் மாற்றமே தெரியாது. ஓடு கட்டும் உயிர்கள் சார்ந்திருப்பது அந்தச் சிவப்பை. "கார்பன் கூடினால் கார்பனேட்டும் கூடத்தானே வேண்டும்?" என்ற குழப்பம் தட்டைப் பார்த்ததும் தீர்ந்துவிடும்.

இந்த மாதிரியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். வருகிற கறுப்பு மணிகளில் சில அப்படியே தங்கிவிடும், மாற்றம் துல்லியமாக ஒன்றுக்கு ஒன்று நடப்பதில்லை. ஹைட்ரஜன் அயனியைத் தட்டில் வைக்கவும் முடியாது. பிஎச் 8.1-இல் ஒரு கிலோ கடல்நீரில் இருப்பது 8 நானோமோல். கார்பனேட்டோ 200 மைக்ரோமோல் அளவில், அதாவது 25,000 மடங்கு. பிஎச் என்று நாம் அளப்பது இவ்வளவு சிறிய எச்சத்தை. பெரிய மாற்றம் கார்பனேட் கணக்கில் நடக்கிறது.

இதற்குப் பிறகு சோதனை. நிறங்காட்டி கலந்த நீரில் ஸ்ட்ராவால் ஊதி நிறம் மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்தது. மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம், வெளிக்காற்றைப்போல 100 மடங்கு. ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும் என்பதால் ஸ்ட்ராவின் மேல்பக்கம் ஒரு சிறு துளை போட்டுவிடுவது வழக்கம். ஆனாலும் வாயு கடலுக்குள் குமிழியாகப் போவதில்லை, மேற்பரப்பு வழியாக இறங்குகிறது. அதைக் காட்ட மூடிய குவளை முறை மேல்.

கண்ணாடிபோல் தெளிவான குவளையில் 50 மி.லி. நீரும் 1 மி.லி. புரோமோதைமால் புளூ நிறங்காட்டியும் (0.04 சதவீதம்). குவளையின் உள்பக்கம், விளிம்பை ஒட்டி, ஒரு சிறு காகிதக் கோப்பையை நாடாவால் ஒட்டவேண்டும். அதன் அடி நீரைத் தொடக்கூடாது. கோப்பையில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா. சொட்டுக்குழாயால் 5 மி.லி. வினிகரை அதன்மேல் விட்டு உடனே பெட்ரி தட்டால் மூடவேண்டும். இந்த அளவில் சோடா மிகுதி, ஆகவே அமிலம் முழுதும் தீர்ந்து சுமார் 100 மி.லி. வாயு கிளம்பும். பின்னால் வெள்ளைத்தாள் வைத்து, குவளையை ஆட்டாமல் பார்த்தால் சில நிமிடங்களில் மேற்பரப்பில் மட்டும் மஞ்சள் படலம் தோன்றி, மெல்லிய இழைகளாகக் கீழே இறங்கும்.

கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. வினிகர் ஒரு துளி நீரில் சிந்தினால் அந்த இடத்தில் உடனே மஞ்சள் கோடு விழும். அந்தக் குவளையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் வழி. வினிகரின் ஆவியே நிறத்தை மாற்றவில்லை என்று காட்ட, சோடா இல்லாமல் வினிகர் மட்டும் வைத்த இரண்டாவது குவளை கட்டாயம் வேண்டும்; புத்திசாலி மாணவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். காய்ச்சி வடித்த நீரை வெறுமனே பயன்படுத்தினால் சோதனை தொடங்கும் முன்பே மஞ்சளாக இருக்கும்; காற்றிலிருந்து உறிஞ்சிய வாயுவால் அதன் பிஎச் 5.6 அளவில் நிற்கும். சாப்பாட்டு உப்பு மட்டும் கரைத்த நீரும் அப்படித்தான். கடல்நீரின் குணம் வேண்டுமானால் லிட்டருக்கு 35 கிராம் உப்புடன் 0.2 கிராம் சமையல் சோடாவும் சேர்க்கவேண்டும். இதில் கிடைக்கும் காரத்துவம் (அமிலத்தை ஏற்றுச் சமன்செய்யும் திறன்) உண்மையான கடல்நீருடையதற்கு மிக அருகில் வரும். மீன்தொட்டிக் காற்றுப்பம்பை ஓர் இரவு ஓடவிட்டால் பிஎச் 8-க்குச் சற்று மேலே நிலைகொள்ளும். சோடா சேர்த்ததையும் சேர்க்காததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் தாங்கல் கரைசல், அதாவது பிஎச் எளிதில் மாறாத கரைசல், பற்றிய பாடம்.

புரோமோதைமால் புளூ 7.6-க்கு மேல் நீலம், 6-க்குக் கீழ் மஞ்சள். 8.2-ம் நீலம், 8.1-ம் நீலம், நூற்றாண்டு இறுதிக்குச் சொல்லப்படும் 7.8-ம் நீலம். பிள்ளைகள் பார்த்த மஞ்சள், கடலில் நடக்காத ஒன்று. இதை வகுப்பில் உரக்கச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் குவளையும் இன்னொரு வினிகர் கிண்ணம்தான். கடலாய்வாளர்கள் பயன்படுத்தும் மெட்டா-கிரெசால் பர்ப்பிள் 7.4-க்கும் 9-க்கும் இடையில் மஞ்சளிலிருந்து ஊதாவுக்கு மாறுவது. கிடைத்தால் அதையே வைக்கலாம்.

பிஎச் மீட்டர் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். மலிவான மீட்டரின் பிழை வரம்பே 0.1. மீட்டரைச் சரிபார்க்கப் பெட்டியோடு வருபவை பெரும்பாலும் பிஎச் 4, 7 கொண்ட தாங்கல் கரைசல்கள். கடல்நீர் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது, 7-ம் 10-ம் கொண்டு சரிபார்க்கவேண்டும். உப்புநீரில் மின்முனை நிலைபெற மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். பிள்ளைகள் பத்து விநாடியில் எழுதிவிடுவார்கள். மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைத்தால் சில மாதங்களில் போய்விடும். பொட்டாசியம் குளோரைடு கரைசல்தான் வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி வெப்பநிலை. ஒரே கடல்நீர், ஒரு டிகிரி சூடானால் பிஎச் சுமார் 0.015 குறையும். சன்னலோரம் வைத்த புட்டிக்கும் அலமாரியில் இருந்த புட்டிக்கும் ஏழு டிகிரி வித்தியாசம் என்றால், தொழிற்புரட்சி முதல் இன்றுவரை நடந்த மாற்றம் முழுவதும் மேசைமீது நடந்துவிட்டது! மீட்டரில் உள்ள தானியங்கி வெப்பத் திருத்தம் இதைச் சரிசெய்யாது. அது மின்முனையின் நடத்தையைத் திருத்துகிறது, நீரின் வேதியியலை அல்ல.

ஓட்டுக்கு வருவோம். வினிகரைத் தூக்கி எறியவேண்டியதில்லை. அதோடு சோடா நீரும் (சமையல் சோடா அல்ல, கடையில் விற்கும் வாயு ஏற்றிய நீர்) கடல்நீரும் இருக்கட்டும். நன்கு கழுவி உலர்த்திய ஓட்டுத் துண்டுகள் 5 கிராம் வீதம் 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுத்து, மூன்று புட்டிகளில் போடவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி கழுவி, முழு நாள் உலர்த்தி, நிறுக்கவேண்டும். ஈரத்தோடு நிறுத்தால் எடை கூடியிருக்கும், வகுப்பே குழம்பும். சோடா நீரைத் தினமும் மாற்றி இறுக மூடாவிட்டால் வாயு போய்விடும். கடல்நீர்ப் புட்டியில் எடை மாறியிருக்காது. "ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் இடத்தில் பிடித்து நிறுத்தவேண்டும், ஏனென்றால் இந்தச் சோதனையின் மிகச் சிறந்த முடிவு அதுதான். இன்றைய கடல் மேற்பரப்பு பெரும்பாலான இடங்களில் கால்சியம் கார்பனேட்டைப் பொறுத்தவரை தெவிட்டு நிலையைத் தாண்டியது. அங்கே ஓடு தானாகக் கரையாது. தெவிட்டு நிலை எண் (சரியாகத் தெவிட்டிய நீருக்கு இது 1) 1-க்குக் கீழே போனால்தான் கரையும். உயிர்களுக்குத் தொல்லை அதற்கு வெகு முன்பே, ஓடு கட்டும் செலவு ஏறும்போதே தொடங்கிவிடுகிறது.

இதை விளக்க அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், நெடார்ட்ஸ் விரிகுடாவில் உள்ள விஸ்கி கிரீக் சிப்பிப் பொரிப்பகத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே சிப்பி இளவுயிரிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. முதலில் நோய்க்கிருமி என்றே நினைத்தார்கள். பிறகு தெரிந்தது, காற்றால் ஆழத்திலிருந்து மேலெழும் கார்பன் மிகுந்த நீர் உள்ளே வரும்போதுதான் சாவு என்று. சிப்பி இளவுயிரி பிறந்த முதல் இரண்டு நாட்களில், தீனி தேடத் தொடங்குமுன், முட்டையில் இருந்த சேமிப்பை மட்டும் கொண்டு முதல் ஓட்டைக் கட்டியாகவேண்டும். அந்த ஓடு அராகனைட். வளர்ந்த சிப்பியின் ஓடு கால்சைட். இரண்டும் கால்சியம் கார்பனேட்டின் படிக வடிவங்கள், அராகனைட் கால்சைட்டைவிட எளிதில் கரைவது. கார்பனேட் குறைந்தால் ஓடு கரைவதற்கு முன் சேமிப்பு தீர்ந்துவிடுகிறது. தீர்வும் வேதியியலிலேயே இருந்தது: உள்வரும் நீரில் சோடியம் கார்பனேட் சேர்த்தார்கள். கடற்தாவரங்கள் பகலெல்லாம் ஒளிச்சேர்க்கை செய்து கார்பனை இழுத்திருக்கும் பிற்பகலில் நீர் எடுத்தார்கள். மணித்தட்டை மறுபடி எடுத்து, சோடியம் கார்பனேட் எந்த மணியைச் சேர்க்கிறது என்று கேட்டால் பின்வரிசையிலிருந்தும் பதில் வரும்.

எல்லா உயிருக்கும் ஒரே கதி என்று சொல்லிவிடக்கூடாது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் ஓடு கட்டும் 18 இனங்களைக் கார்பன் மிகுந்த நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். 10 இனங்களில் ஓட்டு வளர்ச்சி குறைந்தது. நான்கில் இடைப்பட்ட அளவுவரை கூடி, மிக உயர்ந்த அளவில் இறங்கியது. மஸல் என்ற இருவோட்டு உயிர் ஒன்றில் மாற்றமில்லை. நண்டு, லாப்ஸ்டர், இறால் மூன்றிலும் கூடியது. கடற்புற்களுக்குக் கூடுதல் கார்பன் உரமாகவே அமையலாம். மீன்கள் இன்னும் சிக்கல்: அமிலமயமான நீரில் பவளப்பாறை மீன்களின் நடத்தை தாறுமாறாகிறது என்று பல கட்டுரைகள் வந்தன, 2020-இல் அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த விளைவுகள் கிடைக்கவில்லை. மேல்வகுப்புகளில் இதை மறைக்காமல் சொல்வதால் பாடம் பலவீனமாவதில்லை. ஓடு பற்றிய சான்றும் மீன் நடத்தை பற்றிய சான்றும் ஒரே உறுதி கொண்டவை அல்ல என்று பிரித்தறியக் கற்கிறார்கள். பவளம் வெளுப்பது முதன்மையாக வெப்பத்தால், அமிலமயமாதலால் அல்ல என்பதையும் இங்கேயே பிரித்துவிடுவது நல்லது. ஓசோன், பிளாஸ்டிக், அமில மழை எல்லாம் விடைத்தாளில் ஒரே பத்தியில் வந்து சேர்வதைத் திருத்திய யாருக்கும் இது புரியும்.

கடினமான கேள்வி ஒன்று எப்போதும் வரும்: டைனோசர் காலத்தில் காற்றில் கார்பன் இதைவிட அதிகம், அப்போதும் சிப்பிகள் இருந்தனவே? இருந்தன, சுண்ணக்கட்டிப் படிவங்களே கிரெட்டேஷியஸ் காலத்தவை. விடை வேகத்தில் இருக்கிறது. கார்பன் மெல்லக் கூடும்போது பாறைச் சிதைவும் கடலடிச் சுண்ணப் படிவுகள் கரைவதும் காரத்துவத்தை ஈடுசெய்துவிடும். பிஎச் குறைந்திருந்தும் கார்பனேட் போதுமானதாக இருக்கும். ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கார்பன் சில ஆயிரம் ஆண்டுகளில் குவிந்தபோது ஆழ்கடல் ஃபோராமினிஃபெராக்கள் என்ற ஒற்றைச் செல் உயிர்களில் பெரும் அழிவு நேர்ந்தது. இன்றைய வேகம் அதைவிடவும் அதிகம்.

இறுதிப் பயிற்சியாக ஹவாய் அருகே உள்ள அலோஹா நிலையத்தின் தரவைக் கொடுக்கலாம். 1988 முதல் அளந்து வருகிறார்கள், யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாம். ஒரு குழு செங்குத்து அச்சை 0 முதல் 14 வரை போடட்டும், இன்னொரு குழு 8.0 முதல் 8.2 வரை. முதல் படத்தில் கோடு கிடையாகக் கிடக்கும். இரண்டாவதில் ஆண்டுக்கு 0.002-க்குச் சற்றுக் குறைவான சரிவு, பருவத்தோடு ஏறி இறங்கும் பற்களுடன் தெரியும். எது நேர்மையான படம் என்று வாதிட அரைமணி நேரம் ஒதுக்குங்கள், போதாது.