கதியா, வேகமா? பௌதிகவியல் வகுப்பில் பழகிய சொற்கள்

இலங்கையில் எங்கள் கல்லூரியில் தமிழில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு, பொறிமுறைப் பாடம் தொடங்கும் நாளில் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஏறும் நான்கு சொற்கள் மறந்திராது: தூரம், இடப்பெயர்ச்சி, கதி, வேகம். தூரமும் கதியும் எண்ணிக் கணியங்கள், பருமன் போதும். இடப்பெயர்ச்சியும் வேகமும் காவிக் கணியங்கள். திசையும் சொல்ல வேண்டும். தண்ணீர் காவுவது, மூட்டை காவுவது என்று வீட்டில் புழங்கிய சொல்லே திசையைக் காவும் கணியத்துக்கும் பெயரானது.

இன்று நம்மில் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஸூம் வழியாக ஊர்ப் பிள்ளைகளுக்கு உயர்தர வகுப்பு எடுக்கிறார்கள். சென்னையில் வாங்கிய புத்தகங்கள் கல்லூரி நூலகத்துக்குப் போகின்றன. பிள்ளைகளும் யூரியூபில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்களைப் பார்க்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் அசைவு பற்றிய சில சொற்கள் பாக்கு நீரிணையைக் கடந்ததும் பொருள் மாறிவிடுகின்றன. இதைக் கவனியாமல் கற்பித்தால் பிள்ளைக்குப் பரீட்சையில் புள்ளி போகும்.

முதற் சிக்கல் ‘வேகம்’. தமிழ்நாட்டுப் பாடநூலில் வேகம் என்பது நமது கதி. நமது வேகத்துக்கு அங்கே திசைவேகம் என்று பெயர். செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் பந்தொன்றை நேர் மேலே எறிகிறோம். புவியீர்ப்பு ஆர்முடுகலை (வேகம் மாறும் வீதத்தை) 10 என்று எடுப்போம். பந்து 2 செக்கனில் உச்சிக்குப் போய், 4 ஆம் செக்கனில் கைக்குத் திரும்பும். நமது வேக–நேர வரைபு +20 இல் தொடங்கி, அச்சை வெட்டி, −20 இல் முடியும் ஒரே நேர்கோடு. மேலே உள்ள முக்கோணமும் கீழே உள்ளதும் தலா 20. கீழுள்ளதை மறையாக எடுத்துக் கூட்டினால் இடப்பெயர்ச்சி சுழியம். அங்குள்ள ‘வேகம்–காலம்’ வரைபடத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளை கோட்டை அச்சுக்குக் கீழே இறக்காது. வி எழுத்துப் போல மேலே மடித்துவிடும். அதன் பரப்பளவு 40. அது தூரம். கேட்டதோ இடப்பெயர்ச்சி. விடைத்தாளில் மறைக்குறி காணாமற்போகும் இடங்களில் பாதி இப்படித்தான் வருகின்றன என்பது என் எண்ணம்.

இதை விளங்கப்படுத்த இல்ல மெய்வல்லுநர் போட்டியை விட நல்ல உதாரணம் இல்லை. 400 மீற்றர் ஓட்டத்தில் உள் ஓடுபாதையில் ஓடுபவர் தொடங்கிய கோட்டிலேயே முடிக்கிறார். 80 செக்கன் எடுத்தால் சராசரிக் கதி செக்கனுக்கு 5 மீற்றர். சராசரி வேகம் சுழியம். இரண்டாம் பாதைக்காரருக்கு அப்படியில்லை. வளைவு பெரிதென்பதால், நியம அளவுள்ள திடலில் அவர் 7.04 மீற்றர் முன்னே நின்று தொடங்குவார். முடிக்கும்போது, தொடங்கிய இடத்துக்கு ஏறத்தாழ 7 மீற்றர் பின்னே நிற்பார். அதுவே அவரது இடப்பெயர்ச்சி. வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டை மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

(இடப்பெயர்ச்சி என்னும்போது நம் தலைமுறைக்கு, போரில் யாழ்ப்பாண மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் 30 நினைவுக்கு வராமல் இராது. பேச்சில் அதை இடப்பெயர்வு என்கிறோம். இரண்டையும் ஒன்றாக்காமல் வைத்திருப்பது நல்லது. திரும்பி வந்தால் கணிதத்தில் சுழியம், வாழ்க்கையில் அல்ல.)

இரண்டாவது சிக்கல் ‘நிறை’. முதலாவதை விட இது மோசமானது. நமக்குப் பொருளின் அளவான திணிவு கிலோகிராமில், புவி அதை இழுக்கும் விசையான நிறை நியூற்றனில். அங்கே நிறை கிலோகிராமில், எடை நியூட்டனில். 50 கிலோ அரிசி மூட்டையைக் கிடைத் தரையில் இழுக்கிறோம், உராய்வுக் குணகம் 0.4 என்று வையுங்கள். செவ்வன் மறுதாக்கம் 500 நியூற்றன், எனவே உராய்வு விசை 200. ‘நிறை 50’ என்று படித்த பிள்ளை 20 என்று எழுதும். படிமுறை எல்லாம் சரி, விடை பத்திலொன்று. எண்ணைப் பார்த்ததும் அலகைப் பார்க்கப் பழக்குவதைத் தவிர இதற்கு வேறு மருந்து கிடையாது.

சொல்லே வேறாக இருந்தால் அவ்வளவு தீங்கில்லை. தெரியாத சொல்லில் பிள்ளை நின்று கேட்கும். ஆர்முடுகலுக்கு அங்கே முடுக்கம், சடத்துவத்துக்கு நிலைமம், சக்திக்கு ஆற்றல், படித்திறனுக்குச் சாய்வு. இவற்றில் ஆர்முடுகல்–முடுக்கம் சோடி இலக்கணத்திலும் அழகானது. முடுகு தன்வினை, முடுக்கு பிறவினை. இறங்கு–இறக்கு, உருள்–உருட்டு போல. நமது சொல் பொருள் தானே விரைவதைச் சொல்கிறது. அவர்களது சொல் அதை விரைய வைப்பதைச் சொல்கிறது. ஆர்தல் நிறைதல், அமர்தல் தணிதல் என்று பிரித்துக் காட்டினால், வேகம் கூடும் ஆர்முடுகலும் குறையும் அமர்முடுகலும் பிள்ளைக்கு ஒருபோதும் குழம்பாது.

செக்கன் என்ற ஆங்கில ஒலியைக் குறைசொல்பவர்கள் உண்டு. அங்கே விநாடி என்கிறார்கள். பழைய கணக்கில் 24 நிமிட நாழிகைக்கு 60 விநாடி. அதாவது ஒரு விநாடி 24 செக்கன். செக்கன் என்றால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

வேலை செய்யும் வீதமான வலுவை அங்கே திறன் என்பார்கள், அலகு வாற்று. நமக்கு வினைத்திறன் என்பது வேறு, அது விகிதம், அலகில்லாதது. வலுவும் கதியும் நமக்குப் பாடநூலுக்கு முன்பே தெரிந்தவை. “வலு கெதியா ஓடுறான்” என்று மைதான ஓரத்தில் நின்று கத்தியவர்கள்தானே நாங்கள். அந்தக் கெதிதான் இந்தக் கதி: எந்தப் பக்கம் என்று கேட்காமல், எவ்வளவு விரைவு என்று மட்டும் சொல்வது.

சென்னைப் புத்தகம் அனுப்புபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பொதி கட்டுமுன் ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் ஒரு சிறு தாளை ஒட்டிவிடுங்கள். இடப்பக்கம் புத்தகத்துச் சொல், வலப்பக்கம் நமது சொல். முதல் நான்கு வரிகள் இவையாக இருக்கட்டும்: வேகம் – கதி, திசைவேகம் – வேகம், நிறை – திணிவு, எடை – நிறை.