இருட்டில் ஓடிய சுண்டெலி

போன முறை முன்னோருக்குச் செய்த படைப்புக்குப் பங்காளிகள் கூடியிருந்த மாலையில், கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில் மட்டும் விளக்குகள் அணைந்துவிட்டன. எந்த பியூஸ் கட்டை எந்த அறைக்கு உரியது என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. பழுதானதைத் தேடிப் பிடித்து மாட்டிய பிறகு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பட்டாலை என்னும் கூடத்தில் நின்ற தம்பி "இங்கே போச்சு அண்ணே" என்று குரல் கொடுக்க, சாக்பீஸால் குறித்துக்கொண்டேன்.

மரபணுவின் வேலையை அறியவும் இந்த இரண்டு வழிகள் உண்டு. தெரிந்த மரபணுவை முடக்கி, சுண்டெலியில் என்ன கெடுகிறது என்று பார்ப்பது ஒன்று. முதலில் கோளாறைக் கண்டு, பிறகு அதற்குக் காரணமான மரபணுவைத் தேடுவது மற்றொன்று. நான் வகுப்பில் இந்த இரண்டாவதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்வேன், ஏனெனில் அதில் நமது ஊகத்துக்கு இடமில்லை.

அதற்கு உதவும் ஈ.என்.யூ. என்ற வேதிப்பொருள் விந்தணுக்களை உண்டாக்கும் செல்களில் டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றிவிடும். சுண்டெலியில் அதன் வீரியத்தை மரபியலாளர் வில்லியம் ரசல் 1979இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் காட்டினார். அம்மருந்து செலுத்திய ஆண் எலிகளின் குட்டிகளை, அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் தகஹாஷியின் குழுவினர் சக்கரம் பொருத்திய கூண்டுகளில் முழு இருட்டில் விட்டு, ஒவ்வொன்றும் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று நாள்தோறும் பதிந்தார்கள். சாதாரணச் சுண்டெலியின் உள்நாள், அதாவது உடலுக்குள் இருக்கும் கடிகாரம் வகுக்கும் நாள், 24 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 300 எலிகளில் ஒன்றின் உள்நாள் மட்டும் மற்றவற்றைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டிருந்தது. அதன் வழிவந்தவற்றில், மாறிய மரபணுவைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்றவைக்கு நாள் 27, 28 மணி நேரமாக நீண்டு, பின்னர் இருட்டிலேயே அந்த ஒழுங்கும் குலைந்தது.

இது 1994இல் வெளியானது. காரணமான மரபணுவை வேறு இன எலிகளுடன் கலந்து, தலைமுறை தலைமுறையாக இடம் குறுக்கிக் கண்டறிய 1997 வரை ஆயிற்று. அதற்குக் கிளாக் (கடிகாரம்) என்று பெயர். இன்று டி.என்.ஏ.வை முழுதாகப் படித்துவிடலாம் என்பதால் அந்தத் தேடல் வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஆனால் முதல் வேலை சுருங்கவில்லை: ஒவ்வொரு குட்டியையும் இன்றும் தனித்தனியே, பொறுமையாகப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.