நடத்தி வைப்பவன்

நண்பனின் திருமணத்தை நடத்தி வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று பக்கம் பேச்சு எழுதினேன். அப்புறம் கொஞ்சம் படித்துப் பார்த்தால், நடத்தி வைப்பவனுக்கு அவ்வளவு முக்கியத்துவமே இல்லை போல! பெரும்பாலான கத்தோலிக்கர் பின்பற்றும் இலத்தீன் மரபில் மணமக்களே திருமணம் என்ற அருட்சாதனத்தை, அதாவது புனிதச் சடங்கை, ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள். குருவானவர் திருச்சபையின் சாட்சி. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மரபுத் திருமணத்தில் அப்படி ஓர் ஆளே கிடையாது. ஜப்பானில் சடங்கு எப்படி நடந்தாலும், படிவத்தை நகராட்சி அலுவலகத்தில் கொடுத்தால்தான் சட்டப்படி திருமணம்.

சரி என்று இரண்டரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

அன்று மைக் பிடித்த கை நடுங்கியது. "சம்மதமா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் மணப்பெண் "சம்மதம்" என்றுவிட்டாள். கையெழுத்துப் போடப் போனால் பேனா எழுதவில்லை. சாட்சிக்கு வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை உருவினோம்.